வயதானவர்களுக்குப் பல் கூச்சம்: பேஸ்டை மாற்றினால் போதுமா?

கேள்வி:
அம்மாவுக்கு வயது 71. மேல்வரிசையில் இரண்டு பற்களில் ஈறு இறங்கி, வேர் மஞ்சளாக வெளியே தெரிகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று கூசுகிறது. 5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்டால் பத்து நாளாகத் துலக்கியும் பலன் இல்லை. வேறு பேஸ்டுக்கு மாறலாமா? ரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறார். வாயும் அடிக்கடி வறண்டுபோகிறது.

பதில் 1:
பத்து நாள் போதாது. பொட்டாசியம் பல்லின் நுண்துளைகள் வழியே உள்ளே போய் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடக்கும். காலையும் இரவும், 2 முதல் 4 வாரம் விடாமல் துலக்க வேண்டும். அதற்கும் கேட்காவிட்டால் ஸ்டானஸ் ஃப்ளோரைடு பேஸ்டுக்கு மாறலாம். அது நரம்பைத் தொடாது, துளையின் வாயையே அடைக்கும். சிலருக்குப் பல்லில் லேசாகக் கறை படியும், அது மேலோட்டமானதுதான்.

துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் மருந்தும் கூடவே போய்விடும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பிரஷ் மென்மையானதாக இருக்கட்டும். முஷ்டியால் பிடிக்காமல் பேனா மாதிரி விரல்களால் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். வாங்கிய சில வாரத்திலேயே நார்கள் இருபுறமும் விரிந்து படுத்துவிட்டால், அழுத்தித் தேய்க்கிறார் என்று பொருள்.

பதில் 2:
பேஸ்ட் இருக்கட்டும், முதலில் பல்லைக் காட்டுங்கள். வயது ஏற ஏறப் பல்லின் நுண்துளைகள் தாதுப்பு படிந்து அடைபடும், உள்ளே நரம்பறையும் சுருங்கும். அப்படியானால் கூச்சம் குறையத்தான் வேண்டும். எழுபதில் புதிதாகக் கூசினால் சந்தேகப்பட வேண்டியது வேர்ச்சொத்தையை. பல்லின் மேலுறையான எனாமல் கரைய, வாயின் பிஹெச் (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5 வரை இறங்க வேண்டும். வேர் 6-க்கு மேலேயே கரையத் தொடங்கிவிடும். எச்சில் வற்றிய வாயில் அந்த அமிலத்தைத் தணிக்க ஆளில்லை.

குளிர் விலகியதும் கூச்சமும் விலகினால் வெறும் கூச்சம். அரை நிமிடத்துக்கு மேல் நின்றாலோ, சூட்டுக்கு வலித்தாலோ, இரவில் தானாக வலித்தாலோ நரம்பு பாதித்திருக்கலாம். கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது குத்தினால் விரிசல். இவற்றில் எதற்கும் பேஸ்ட் மருந்தல்ல.

கேட்டவர்:
ரத்த அழுத்த மாத்திரையால்தான் வாய் வறள்கிறதென்றால், அதை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில் 2:
நீங்களாக நிறுத்தவே கூடாது. மாற்று மருந்து உண்டா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், சர்க்கரை இல்லாத சூயிங் கம். புளிப்பு மிட்டாய் எச்சிலை ஊறவைக்கும்தான், ஆனால் வேரையும் அரிக்கும்.

பதில் 3:
சொத்தை இல்லையென்றால் பல் மருத்துவர் 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு வார்னிஷ் (பல்லில் ஒட்டி நிற்கும் மருந்துப் பூச்சு) பூசுவார். பூசிய சில மணி நேரம் சூடானதும் கடினமானதும் வேண்டாம், அன்றிரவு துலக்கவும் வேண்டாம். 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டியிருக்கும். ஈறோரம் ஆப்பு வடிவில் பள்ளம் விழுந்திருந்தால் கிளாஸ் அயனோமர் சிமென்டால் அடைப்பதே சரி. கழற்றி மாட்டும் பல்செட் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். கம்பிக் கொக்கி பிடிக்கும் பல்லில்தான் அழுக்கு தங்கிச் சொத்தை விழும்.