13,000 குறைகளோடு டோல் 3 உலையை ஓட்டியது சரியா?

தேன்மொழி:
பெல்ஜியத்தின் டோல் 3 அணு உலையைப் பற்றிப் பேச வேண்டும். 2012இல் உலைக் கலனின், அதாவது அணு எரிபொருளை உள்ளே வைத்திருக்கும் கனத்த எஃகுப் பாத்திரத்தின், சுவரை அல்ட்ராசோனிக்கில் (மீயொலியால்) பார்த்தபோது உள்ளே ஆயிரக்கணக்கில் குறைகள் தெரிந்தன. பிறகு எடுத்த சோதனையில் எண்ணிக்கை 13,047 ஆனது. அதே ராட்டர்டாம் பட்டறையில் செய்த, இன்னொரு பெல்ஜிய உலையான டிஹாஞ்ச் 2இன் கலனில் 3,149. நிறுத்தினார்கள், 2013இல் ஓட்டவிட்டார்கள், 2014இல் மறுபடி நிறுத்தினார்கள், 2015 நவம்பரில் மறுபடி அனுமதி கொடுத்தார்கள். செய்த அன்றைக்கே இது தெரிந்திருந்தால் அந்த எஃகைக் கழித்துக் கட்டியிருப்பார்கள். அன்றைக்கு ஆகாத எஃகு முப்பது வருஷம் ஓடிய பிறகு மட்டும் எப்படி ஆகும்?

கொதிகலன்காரன்:
ஆகும் தேன்மொழி, ஏனென்றால் இரண்டும் வேறு கேள்விகள். பட்டறையில் பார்ப்பது வேலை சுத்தமாக நடந்ததா என்று. ஓடுகிற கலனில் பார்ப்பது, இந்த இடத்தில், இந்த அழுத்தத்தில், இந்தக் குறை உடைப்பாக மாறுமா என்று. ஏஎஸ்எம்இ பதினோராம் பிரிவு, ஏபிஐ 579, பிஎஸ் 7910 என்ற பொறியியல் நெறிமுறைகள் எல்லாம் இந்த இரண்டாவது கேள்விக்காக எழுதப்பட்டவை. குறையின் நீளம், ஆழம், திசை, அங்கே விழும் தகைவு (ஒரு பரப்பில் விழும் விசை) இவற்றை வைத்து விரிசல் முனையில் எவ்வளவு தகைவு குவிகிறது என்று கணக்கிடுவோம். உலோகத்தின் முறிவுத் தாங்குதிறனுக்குப் போதுமான அளவு கீழே அது இருந்தால் ஓட்டலாம்.

டோலில் இருந்தவை ஹைட்ரஜன் செதில்கள். உருகிய எஃகில் கரைந்த ஹைட்ரஜன் ஆறும்போது கரைய இடமில்லாமல் ஓரிடத்தில் சேர்ந்து உள்ளுக்குள்ளேயே சிறு பிளவாகிவிடும். சுவரின் கனம் சுமார் 200 மில்லிமீட்டர். செதில்கள் சராசரியாக 10 முதல் 16 மில்லிமீட்டர். பெரும்பாலும் சுவருக்கு இணையாகப் படுத்திருப்பவை. உள்ளழுத்தம் சுவரைச் சுற்றுவாட்டில் இழுக்கிறது. படுத்திருக்கும் பிளவை அந்த இழுவை திறக்காது. எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், திசையைப் பாருங்கள்.

சுடர்:
யூடி, அதாவது அல்ட்ராசோனிக் சோதனை, எடுக்கிறவன் நான், ஒரு விஷயம் சொல்லிக்கொள்கிறேன். கனமான ஃபோர்ஜிங்கில் (அடித்து உருவாக்கிய எஃகில்) ஜெல் தடவி, ஒலியை நேராக உள்ளே அனுப்பும் நேர் புரோபை நகர்த்தினால், படுத்த குறை திரையில் பளிச்சென்று எக்கோ காட்டும், அடிச்சுவர் எக்கோ சரியும். அதே இடத்தில் சாய்வு புரோபைப் போட்டால் சில சமயம் ஒன்றுமே வராது. அதை வைத்துத்தான் இது லேமினேஷன் (படுத்த அடுக்குப் பிளவு) மாதிரி, குறுக்கே நிற்கிற கிராக் இல்லை என்று எழுதுவோம். ஆனால் கொஞ்சம் சாய்ந்து கிடப்பதை எந்தப் புரோப் எவ்வளவு காட்டும் என்பது செட்டிங்கைப் பொறுத்தது. டோலில் எண்ணிக்கை கூடியதும் பதிவு செய்யும் வரம்பையும் முறையையும் மாற்றியதால்தான், புதிதாக முளைத்ததால் இல்லை. பின்னால் எடுத்த சோதனைகளிலும் வளர்ச்சி தெரியவில்லை.

தேன்மொழி:
சுடர் அண்ணா, நீங்கள் சொல்வதிலேயே என் பதில் இருக்கிறதே. செட்டிங் மாறினால் எண்ணிக்கை மாறுகிறது. அப்படியென்றால் முதலில் கணக்குப் போட்டபோது கையில் இருந்தது முழுப் படம் இல்லை.

தாங்குதிறன் பக்கத்தையும் பாருங்கள். நியூட்ரான் பட்டுப்பட்டு எஃகு நொறுங்கும் தன்மைக்கு வரும் என்பது தெரிந்ததுதான். ஆனால் செதில் உள்ள எஃகு எவ்வளவு நொறுங்கும் என்று பார்க்க விபி 395 என்ற துண்டைக் கதிர்வீச்சில் வைத்தார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாக நொறுங்கியது. 2014இல் உலையை நிறுத்தியது அதனால்தான். ஒரு வருஷம் முன்பு “பாதுகாப்பானது” என்று கையெழுத்துப் போட்டவர்களுக்கு அது தெரியாது. தெரியாததை எந்தச் சூத்திரத்தில் போடுவீர்கள்?

ஆகென்வாசி:
ஜெர்மனியின் ஆகென் நகரில், டிஹாஞ்சிலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறேன். 2016இல் ஜெர்மன் சுற்றுச்சூழல் அமைச்சர் இரண்டு உலைகளையும் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னார், பெல்ஜியம் கேட்கவில்லை. 2017இல் ஆகெனில், அணு விபத்து நடந்தால் சாப்பிட என்று அயோடின் மாத்திரை கொடுத்தார்கள். கணக்கு எங்கள் பக்கம் இருந்தது என்று கொதிகலன்காரன் சொல்லலாம். மாத்திரை எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது.

கொதிகலன்காரன்:
அந்தப் பயத்தை நான் சின்னதாக எண்ணவில்லை ஆகென்வாசி. ஆனால் விபி 395 கதையை முழுக்கச் சொல்லுங்கள். அது டோலின் எஃகே இல்லை. பிரான்சில் செய்து கழித்துப் போட்ட ஒரு நீராவி இயற்றியின் துண்டு. பிறகு கேஎஸ் 02 என்ற ஜெர்மன் எஃகையும், அதிலும் செதில்கள் உண்டு, அதே மாதிரி சோதித்தார்கள். அது வழக்கமான அளவுக்குத்தான் நொறுங்கியது. அப்படியும் விபி 395 காட்டிய கூடுதலை ஒதுக்கவில்லை, கணக்கில் ஏற்றிக்கொண்டுதான் மறுபடி பார்த்தார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகமும் தனியாகச் சரிபார்த்தது. அவசரக் குளிர்நீர் சட்டென்று சூடான சுவரில் பட்டு அதிரக் கூடாது என்று, அந்த நீரை முன்கூட்டியே சூடாக்கி வைக்கவும் ஏற்பாடு செய்தார்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணு உலையைப் பார்த்து. 2001 முடிவதற்குள் நிறுத்திக் குழாய் முனைகளைப் பரிசோதிக்க வேண்டியதை 2002 பிப்ரவரி வரை தள்ளினார்கள். மார்ச்சில் பார்த்தால், உலை நீரில் கலந்திருக்கும் போரிக் அமிலம் கசிந்து கலன் மூடியின் 15 சென்டிமீட்டர் எஃகை அரித்துத் தின்று, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு உள்பூச்சு எஃகு மட்டும் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் பார்க்கவில்லை. டோலில் பார்த்தார்கள், அளந்தார்கள்.

தேன்மொழி:
டேவிஸ்-பெஸ்ஸி என் கட்சிக்குத்தான் சாட்சி சார். அங்கேயும் “இன்னும் சில வாரம் ஓட்டினால் ஆபத்தில்லை” என்று ஒரு மதிப்பீடு இருந்தது. அனுமதியும் கிடைத்தது. ஆபத்து அவர்கள் கணக்குப் போட்ட விரிசலில் இல்லை, கணக்கில் வராத அரிப்பில் இருந்தது.

சரி, வேறு துண்டுகளை விடுங்கள். டோல் 3 2022 செப்டம்பரில் நிரந்தரமாக நின்றுவிட்டது, டிஹாஞ்ச் 2 அடுத்த ஜனவரியில். செதிலுக்காக இல்லை, அணுமின் விலகல் சட்டத்துக்காக. இனி மின்சாரம் போகும் என்ற சாக்கு கிடையாது. அந்தக் கலன்களிலிருந்தே சுவரை வெட்டி எடுத்து, செதில் இருக்கும் இடத்தில் தாங்குதிறனை அளந்து வெளியிடச் சொல்வீர்களா?

கொதிகலன்காரன்:
கண்டிப்பாகச் சொல்வேன். கதிர்வீச்சுள்ள கனத்த எஃகை வெட்டுவது செலவும் சிரமமும் பிடித்த வேலை, ஆனாலும் நம் துறைக்கு அதைவிட நல்ல தரவு கிடைக்காது. கணக்கு தாங்கும் என்றுதான் நினைக்கிறேன். தாங்கவில்லை என்றால் 2015இல் கொடுத்த அனுமதி தவறு என்று இதே இழையில் எழுதுகிறேன்.

தேன்மொழி:
எந்த அளவுக்குக் கீழே வந்தால் தவறு என்பீர்கள்? அந்த எண்ணை வெட்டுவதற்கு முன்பே இங்கே எழுதுங்கள்.