பினாங்கு பாலிக் பூலாவ் களிமண் சட்டி நெருப்புல வெடிக்குது, மண்ணு சரியில்லையா?

ஆயர்ஈத்தாம்_வாசி:
மாமாவோட டுரியான் தோட்டத்து ஓடைக்கரையில தோண்டின மண்ணு. ஊறவச்சு, துணியில வடிகட்டி, மழமழன்னு ஆக்கிச் சின்னச் சட்டிங்க பிடிச்சேன். திரிச்சு விரல்ல சுத்தினா கீறல் விடல. வராந்தாவுல காய வச்சு, குழியில இறக்கி, தேங்கா மட்டை அடுக்கிக் கொளுத்தினா, கொஞ்ச நேரத்துலயே பட் பட்னு அடியெல்லாம் சில்லு சில்லாத் தெறிக்குது. கடற்கரைச் சேறு எடுத்துப் பார்க்கலாமா?

சூளைக்காரி:
மண்ணு மேல பழி போடாதீங்க தம்பி. விரல்ல சுத்தியும் கீறலன்னா அது நல்ல களி. துணியில வடிகட்டினீங்களே, அதான் வினை. பினாங்கு மலை கருங்கல். அது உளுத்து வந்த களியில பொடிமணலும் சேர்ந்தே வரும். நீங்க வீசின அந்த மணல்தான் உள்ள இருக்கிற ஈரம் வெளிய வர வழி விடும், சூட்டையும் தாங்கும். கொசுவலையில சலிச்சாப் போதும். வடிகட்டின களியை வீணாக்காம, நாலு பங்குக்கு ஒரு பங்கு ஆத்துமணல் போட்டு மிதிங்க. கடற்கரைச் சேறு வேணவே வேணாம். அதுல உப்பு இருக்கும், கிளிஞ்சல் துண்டு இருக்கும். கிளிஞ்சல் வெந்து சுண்ணாம்பாகி, பிறகு ஈரத்தை இழுத்து உப்பிச் சட்டியைப் பேத்துடும்.

அப்புறம், நம்ம ஊர்க் காத்துல வராந்தாவுல காஞ்சது எல்லாம் கண்ணுக்குத்தான். கன்னத்துல வச்சுப் பாருங்க, சில்லுன்னா உள்ள தண்ணி நிக்குது. அந்தத் தண்ணி ஆவியாகி வெளிய வர இடமில்லாமத்தான் வெடிக்குது. ஓவன்ல 80, 90 டிகிரியில சில மணி நேரம் விடுங்க, 100 தாண்ட வேணாம். பிறகு தணலைச் சுத்திலும் பரப்பி, கை வைக்க முடியாத அளவுக்குச் சட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டிட்டு மட்டையை ஏத்துங்க. அவசரப்பட்டுக் கிளறி எடுக்காதீங்க, 573 டிகிரி வாக்குல மணல் அளவு மாறும், சட்டுனு ஆறினா கீறிடும். மறுநாள் சாம்பலை விலக்குங்க.

பிறை_பையன்:
தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுப் பின்னால மூட்டாதீங்க. 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டம் 29ஏ பிரிவு திறந்தவெளியில எரிக்கத் தடை போடுது, பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தா வம்பு. கறுப்பு நிறம் வேணும்னா, கோலாகங்சார் லாபு சாயோங் (கறுப்பு மண் கூஜா) மாதிரி சுட்ட சூட்டோட உமியில புதைங்க.

ஆயர்ஈத்தாம்_வாசி:
நன்றிக்கா. சமைக்கலாமா இதுல?

சூளைக்காரி:
குழிச்சூட்டுல வெந்தது, தண்ணி கசியும். வடிகஞ்சியை ஊத்திச் சின்னத் தீயில கொதிக்க வச்சு அப்படியே ஆற விடுங்க, ஓட்டை ஓரளவு அடையும். புளிக்குழம்பு மட்டும் வேணாம்.