சித்தப்பாவின் சளிப் பரிசோதனை

பாட்டா வீட்டுப் பிள்ளைகள் (குடும்பக் குழு)

திங்கள் இரவு

சித்தி: சித்தப்பாவுக்கு இருமல் விடவே இல்லை மக்களே. மெடிக்கலில் வாங்கிய மருந்தெல்லாம் தீர்ந்தது. சாயங்காலமானால் உடம்பு காய்கிறது. சட்டை எல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது.

தக்கலை அக்கா: எப்போதிருந்து சித்தி?

சித்தி: மழையில் ரப்பர் வெட்டு நின்றதே, அப்போது தொடங்கியது. மாசம் ஒன்று ஆகியிருக்கும்.

தக்கலை அக்கா: இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலே சளியைச் சோதிக்க வேண்டும். இவருக்குக் காய்ச்சலும் மெலிவும் சேர்ந்திருக்கிறது. நாளைக்கே குலசேகரம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். காசநோயா என்று பார்த்துவிடலாம். பணம் வேண்டாம்.

மார்த்தாண்டம் அண்ணன்: நம்ம குடும்பத்தில் யாருக்கும் அது கிடையாதே. ஒரு எக்ஸ்ரே எடுத்தால் போதாதா?

தக்கலை அக்கா: பரம்பரையாக வருகிற நோய் இல்லை அண்ணே, காற்றில் பரவுவது. எக்ஸ்ரேயில் நெஞ்சில் நிழல் தெரியும். அது இந்தக் கிருமிதானா என்று சளிதான் சொல்லும். ட்ரூநாட், சிபிநாட் என்று மெஷின் இருக்கிறது. காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் மாத்திரைக்கு அடங்குகிற கிருமியா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

சித்தி: எச்சில் துப்பிக் கொடுத்தால் போதுமா பிள்ளே?

தக்கலை அக்கா: எச்சிலில் ஒன்றும் தெரியாது சித்தி. ஆஸ்பத்திரியில் டப்பா தருவார்கள். அங்கே ஒரு தடவை, மறுநாள் காலையில் எழுந்ததும் ஒரு தடவை எடுக்கச் சொல்வார்கள். காலையில் சாயா குடிக்கும் முன் பச்சைத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கட்டும். நன்றாக மூச்சை இழுத்து, நெஞ்சிலிருந்து இருமிக் கெட்டியான சளியாக எடுக்க வேண்டும். வீட்டுக்குள் வைத்து வேண்டாம். முற்றத்தில் தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

வியாழன் மாலை

சித்தி: 📷 சீட்டு தந்தார்கள். எனக்கு வாசிக்கத் தைரியம் இல்லை.

தக்கலை அக்கா: கிருமி இருக்கிறது சித்தி. ஆனால் மருந்துக்கு அடங்குகிற வகைதான். ஆறு மாசம் மாத்திரை, முதல் இரண்டு மாசம் நாலு மருந்து, அப்புறம் மூன்று. தினமும் விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும்.

துபாய் அண்ணன்: அக்கா, நான் லீவு போட்டு வரட்டுமா?

தக்கலை அக்கா: வந்தால் அப்பாவுக்குத் தெம்பாக இருக்கும் தம்பி. ஆனால் பதறி ஓடி வர வேண்டாம். ஆறு மாசமும் தினம் ஒரு தடவை கூப்பிட்டு, மாத்திரை போட்டாரா என்று கேள். கொஞ்ச நாளில் இருமல் நின்றதும் ‘சரியாயிற்று’ என்று நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் நோய் திரும்புகிறது, மருந்துக்கு அடங்காமலும் போகிறது.

சித்தி: நான் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக ஒதுக்கிவிட்டேன். ஈரக்காற்று படாமல் ஜன்னலும் அடைத்து வைத்திருக்கிறேன்.

தக்கலை அக்கா: ஐயோ, ஜன்னலை இப்போதே திறங்கள் சித்தி! தட்டிலும் டம்ளரிலும் இது பரவாது, வழக்கம்போல் கழுவினால் போதும். அடைத்த அறையில் அவர் இருமும் காற்றை நீங்கள் ராத்திரி முழுக்க சுவாசிப்பதுதான் ஆபத்து. முதல் இரண்டு வாரமாவது அவர் தனி அறையில் படுக்கட்டும், ஆள் பக்கத்தில் வந்தால் மாஸ்க் போடட்டும். சளியை மூடி உள்ள டப்பாவில் துப்பட்டும். உள்ளே போகும்போது நீங்கள் என்95 மாஸ்க் போடுங்கள்.

குலசேகரம் மைனி: மைனி, பிள்ளைக்கு மூன்று வயசுதான். தாத்தா மடியிலேயே கிடப்பாள். பிசிஜி தடுப்பூசி போட்டிருக்கிறோம்.

தக்கலை அக்கா: பிசிஜி சின்னப் பிள்ளைகளுக்கு மூளைக் காசநோய் மாதிரி கடுமையானதைத் தடுக்கும், முழுப் பாதுகாப்பு இல்லை. முதலில் அவளைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நோய் இல்லை என்றால் தடுப்பு மாத்திரை தருவார்கள். ஐந்து வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு அதை விடவே கூடாது. சித்தியும் நீங்களும் கூடப் பார்க்க வேண்டும். சித்தப்பாவுக்குச் சுகரும் பார்ப்பார்கள்.

சித்தி: சனிக்கிழமை வீட்டு ஜெபத்துக்கு ஆள் வருமே. என்ன சொல்ல? வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் படியேறுவார்கள்?

தக்கலை அக்கா: இந்த மாசம் ஜெபத்தை வேறு வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். வழக்கமாக வருகிறவர்களிடம் மறைக்க வேண்டாம் சித்தி. அடைத்த அறையில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள், அவர்களில் யாருக்காவது இருமல் இருந்தால் சீக்கிரம் சோதித்துக்கொள்ளட்டும். சித்தப்பா ஒரு குற்றமும் செய்யவில்லை.

மார்த்தாண்டம் அண்ணன்: ஜெபக்காரர்களிடம் நான் பேசுகிறேன் சித்தி. நீங்கள் அதை நினைத்து அழ வேண்டாம்.

சனி காலை

சித்தி: நேற்று மாத்திரை தொடங்கியது. இன்றைக்கு மூத்திரம் சிவப்பாகப் போகிறதாம், பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்.

தக்கலை அக்கா: ரிஃபாம்பிசினால் அப்படித்தான் போகும், பயமில்லை. கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்கவில்லை என்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முட்டை, மீன், பயறு கொடுங்கள். மரச்சீனியும் சாயாவும் மட்டும் போதாது. ஆஸ்பத்திரியில் பாங்க் பாஸ்புக்கையும் கொடுங்கள், சத்துணவுக்கு மாசம் 1,000 ரூபாய் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது.

மார்த்தாண்டம் அண்ணன்: திங்கட்கிழமை வண்டி கொண்டு வருகிறேன். சித்தி, மைனி, பிள்ளை மூன்று பேரையும் ஒரே போக்கில் காட்டிவிடலாம்.

குலசேகரம் மைனி: எட்டு மணிக்கு ரெடியாக நிற்கிறோம் அத்தான். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டே போவோம்.