பழைய வீட்டுச் சமையலறையில் பரண் எதற்கு?

காரைச்சுவர்:
"சமையலறை எளிமையாக வேண்டுமென்றால் முதலில் பரணை இடியுங்கள்" என்று வெற்றுமேடை என்ற பெயரில் எழுதுபவர் நேற்று இங்கே எழுதியதைப் படித்த பிறகு எனக்கு உறக்கம் வரவில்லை. கும்பகோணத்தில் எங்கள் வீடு சுண்ணாம்புக் காரையால் கட்டியது. பரண் என்பது சுவருக்குள் அரையடி செருகிய கடப்பைக் கல். அதை உடைத்தால் கல்லோடு செங்கல்லும் காரையும் சேர்ந்தே வரும். இடிக்கச் சொன்னவரா வந்து பூசித் தருவார்?

வெற்றுமேடை:
இடிப்பது என்றாலே சம்மட்டி என்று பொருள்கொண்டது தங்கள் கற்பனை. அறுக்கும் இயந்திரத்தால் சுவரை ஒட்டி அறுத்துவிட்டு, உள்ளே செருகிய பகுதியை அப்படியே விட்டுவிடலாம். என் வீட்டில் அப்படித்தான் செய்தேன். பரணிலிருந்து இறங்கியவை மூடியில்லாத குக்கர்கள் 3, கைப்பிடி போன வாணலி ஒன்று, கல்யாண வீடுகளில் கொடுத்த எவர்சில்வர் தூக்குகள் 11. ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த பிராங்க்ஃபர்ட் சமையலறை ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்டதுதான். அங்கே எந்தப் பரணில் ஏறினார்கள்?

காரைச்சுவர்:
பிராங்க்ஃபர்ட்டில் தீபாவளிக்கு முறுக்குப் பிழியும் வழக்கம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அது கிடக்கட்டும், அந்தச் சமையலறையில் மாவுக்கும் அரிசிக்கும்கூடத் தனித்தனி இழுப்பறைகள் இருந்தன என்பதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்? ஒவ்வொரு பொருளுக்கும் இடம் வைத்ததால்தான் அது ஒழுங்காக இருந்தது. இருக்கிற இடத்தை அறுத்துத் தள்ளியதால் அல்ல. சென்ற மாதம் ஆத்தங்குடிக் கல் விவாதத்திலும் இப்படித்தான் பாதியைச் சொல்லிவிட்டு நழுவினீர்கள்.

அடுப்பங்கரை:
பரணைப் பற்றியே பேசும் இருவரும் மேடையைப் பார்க்கவில்லை. நான் ஐந்தடி உயரம்; கொத்தனார் தம் உயரத்துக்கு 36 அங்குலத்தில் மேடை கட்டிவிட்டுப் போனார், குழம்பைக் கிளற நான் பலகை போட்டு நிற்கிறேன். போதாக்குறைக்குக் கடப்பைக் கல். அது சுண்ணாம்புப் பாறை என்பதால் புளியும் எலுமிச்சையும் பட்ட இடமெல்லாம் வெளுத்துத் தழும்பாகிவிட்டது. கிரானைட் போட்டிருக்கலாம்.

காரைச்சுவர்:
அம்மா, பரணில் யாரும் புளி கரைப்பதில்லை. கடப்பைக் கல்லைக் குறை சொல்வதற்கு இது இடமும் அல்ல. நான் கேட்டது ஒன்றே ஒன்று: சுண்ணாம்புச் சுவரில் செருகிய பரணை எதற்காகத் தொட வேண்டும்?

வெற்றுமேடை:
அதில் என்ன இருக்கிறது என்று நேர்மையாகப் பட்டியலிடுங்கள், பிறகு பேசலாம்.

அடுப்பங்கரை:
மேடை உயரத்துக்கு யாரும் பதில் சொல்லப்போவதில்லை என்று தெரிகிறது.

காரைச்சுவர்:
பட்டியல் கேட்க நீங்கள் தணிக்கை அதிகாரியா? இருந்தாலும் சொல்கிறேன். பித்தளை அண்டா, இட்லிக் கொப்பரை, முறுக்குப் பிழியும் நாழி, பொங்கல் பானை. குக்கர் ஒன்றும் இருக்கிறது. அதன் மூடி வீட்டில்தான் எங்கோ கிடக்கிறது, கிடைத்துவிடும்.