‘அடுக்கு’ வேண்டாம், ‘புலம்’ வேண்டும்: ஆட்சிப்புலமும் வளங்குன்றாத் தொழில்முனைவும்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வணக்கம். இயற்கை வளத்தைக் குறைக்காமல் தொழில் தொடங்கி நடத்துவதைக் குறிக்கும் ‘சஸ்டெயினபிள் ஆந்த்ரப்ரனர்ஷிப்’ என்பதற்கு ‘நிலையான தொழில்முனைவு’ போதும் என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். நிலையான தொழில் என்றால் நொடித்துப் போகாத தொழில் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஆற்றில் சாயக்கழிவைக் கொட்டிக்கொண்டே நெடுங்காலம் நிலைத்திருக்கும் ஆலைக்கும் அச்சொல் பொருந்திவிடும். இலங்கை வழக்கான ‘பேண்தகு’ அழகிய சொல்தான், ஆனால் எதைப் பேணுவது என்பதை அது சொல்வதில்லை. ‘வளங்குன்றா வளர்ச்சி’ ஏற்கெனவே வழக்கில் வந்துவிட்டதால் ‘வளங்குன்றாத் தொழில்முனைவு’ என்பதையே ஏற்கலாம். இடையில் வல்லினம் மிகும் என்பதைத் தட்டச்சு செய்வோர் மறக்க வேண்டாம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது மற்றொரு சொல். தென்னாப்பிரிக்க அரசின் தேசிய, மாகாண, உள்ளாட்சிப் பிரிவுகள் ஒவ்வொன்றையும் குறிக்கும் ‘ஸ்ஃபியர் ஆஃப் கவர்ன்மென்ட்’ என்பதை நம் கலைச்சொல் பட்டியல் ‘அரசு அடுக்கு’ என்கிறது. தென்னாப்பிரிக்காவின் அரசமைப்புச் சட்டம் நாட்டைக் கூட்டாட்சி என்று அழைக்காவிட்டாலும், 9 மாகாணங்களுக்கும் நகராட்சிகளுக்கும் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. 1993இன் இடைக்கால அரசமைப்பில் ‘மட்டம்’ என்ற பொருளில் நின்ற ஆங்கிலச் சொல்லை விட்டுவிட்டு, 1996ஆம் ஆண்டுச் சட்டம் ‘ஸ்ஃபியர்’ என்று எழுதியது. தேசியம், மாகாணம், உள்ளாட்சி ஆகிய மூன்றும் தனித்தன்மை உடையவை, ஒன்றையொன்று சார்ந்தவை, தம்முள் தொடர்புடையவை என்று அதன் 40ஆம் பிரிவு கூறுகிறது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதைக் குறிக்கும் ‘அடுக்கு’ இந்த எண்ணத்துக்கு நேர்மாறானது.

இது வெறும் இலக்கணப் பேச்சன்று. என் ஒன்றுவிட்ட அண்ணன் டர்பனின் வார்விக் பகுதியிலுள்ள விடியற்காலைச் சந்தையில் கீரையும், நாங்கள் ‘டன்யா’ என்று சொல்லும் கொத்தமல்லியும் விற்பவர். கடை மூடும் நேரத்தில் தரையில் குவியும் தண்டையும் வாடிய இலையையும் சாக்கில் அள்ளி, எருவாக்கி விற்கலாம் என்று முனைந்தார். மாலை வகுப்புக்காக நான் எழுதிய குறிப்பில் ‘மூன்றடுக்கு அரசு’ என்றிருந்ததைப் படித்தவர், மேலடுக்கில் கேட்டால் காரியம் விரைவில் முடியும் என்று நம்பி, இருமுறை மாகாணத் தலைநகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை பேருந்தேறிப் போய் வந்தார். அங்கிருந்த அலுவலகம், இது தங்கள் பொறுப்பில் இல்லை என்பதை இரண்டாம் முறைதான் சொன்னது. சந்தையும் குப்பை அகற்றலும் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையின் இரண்டாம் பகுதியில் உள்ளாட்சிக்கு உரியவையாக வைக்கப்பட்டிருக்கின்றன. சுற்றுச்சூழலோ நான்காம் அட்டவணையில் தேசியத்துக்கும் மாகாணத்துக்கும் பொதுவானது. நான் இட்ட ஒரு சொல் அவருடைய இரண்டு நாள் வருமானத்தைத் தின்றுவிட்டது என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆகவே ‘ஆட்சிப்புலம்’ என்று முன்மொழிகிறேன். புலம் என்பதில் வயல், இடம், அறிவுத்துறை ஆகிய மூன்று பொருளும் உண்டு. வயல்கள் வரப்பால் பிரிந்தாலும் ஒரே வாய்க்காலில் நீர் வாங்குகின்றன. தேசிய வருவாயை மூன்று புலங்களுக்கும் நியாயமாகப் பங்கிட வேண்டும் என்னும் 214ஆம் பிரிவுதான் அந்த வாய்க்கால், ஏனெனில் அதிகாரம் இருந்தும் பணம் இல்லாத நகராட்சியால் எரு செய்பவருக்கு ஒரு கொட்டகைகூடப் போட்டுத் தர முடியாது.

மின்சாரத்திலும், எந்தப் புலத்தின் அதிகாரம் எங்கே முடிகிறது என்னும் இதே வரப்புதான் கேள்வி. 2020 அக்டோபரில் மின் உற்பத்தி விதிகள் திருத்தப்பட்ட பின், தகுதியுள்ள நகராட்சிகள் தனியார் உற்பத்தியாளரிடமிருந்து மின்சாரம் வாங்க வழி பிறந்தது; சூரிய மின்சாரத்தில் இறங்குபவருக்கு நகராட்சியே வாங்குபவராக நிற்க முடியும். ஆனால் மின் விற்பனையே நகராட்சிகளின் பெரிய வருவாய்களில் ஒன்றாதலால், கூரைதோறும் சூரியத் தகடு ஏறினால் அவற்றின் கணக்கு இடிக்கும். இந்த இழுபறியை ‘அடுக்கு’ என்ற சொல் காட்டாது.

கூட்டாட்சிக்குப் பதிலாக ‘சமஷ்டி’ என்று எழுதலாமா எனச் சிலர் கேட்டிருந்தார்கள், கூட்டாட்சி போதும்.

‘புலம்’ பல்கலைக்கழகத் துறையோடு குழம்பும் என்று யாரேனும் கருதினால், எந்தச் சொற்றொடரில் குழம்பும் என்று ஓர் எடுத்துக்காட்டுடன் எழுதுங்கள். வகுப்புக் குறிப்பைத் திருத்தி அச்சுக்குக் கொடுக்கும் முன் அதைப் பார்க்க விரும்புகிறேன்.