இந்தூர் நீதிபதியும் உப்புவெளிக் காணி வழக்கும்

ஜே. எல். ஜைனி என்ற ஆளை நான் சந்தித்ததில்லை, அவருடைய புத்தகத்தைத்தான் சந்தித்தேன். அவர் 1927இலேயே காலமாகிவிட்டார். இந்தூர் உயர் நீதிமன்ற நீதிபதி, சமண அறிஞர்.

அப்போது நான் திருகோணமலை நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளர். மனைவி, புருசனின் கையொப்பம் இல்லாமல் உப்புவெளிக் காணியை உறுதி முடித்து விற்றுவிட்டா. புருசன் யாழ்ப்பாணத்தார் என்றால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி அவரது எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்; திருகோணமலையார் என்றால் வேண்டாம். எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போவீர்கள், தகப்பனின் செத்தவீடு எங்கே நடந்தது என்று கூண்டில் கேள்விக்கு மேல் கேள்வி. மொழிபெயர்த்தே தொண்டை வறண்டது.

இடைவேளையில் மூத்த சட்டத்தரணி ஒருவர், "சமணரும் இப்படித்தான் அலைக்கழிந்தவை" என்று ஜைனியின் 'ஜைன சட்டம்' நூலை நீட்டினார். ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் சமணரை இந்துச் சட்டத்துக்குள் அடக்கின. வேறு வழக்கம் உண்டென்றால் அதைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். புருசனின் அனுமதி இல்லாமலே விதவை பிள்ளை தத்தெடுக்கலாம் என்ற வழக்கத்துக்கும் அப்படித்தான் இலண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போனார்கள். எங்களுக்கென்று சட்டநூலே இருக்கிறதே என்று, பத்திரபாகு சங்கிதையை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1916இல் வெளியிட்டார் ஜைனி. பிறகு சமணரின் அடிப்படைத் தத்துவ நூலான தத்துவார்த்த சூத்திரத்தையும் மொழிபெயர்த்தார்.

எனக்கு ஒரு சந்தேகம். 'ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை' என்று ஏழு விதமாகச் சொல்லும் சமணக் கொள்கையான சியாத்வாதத்தை நம்புகிறவர் எப்படித் தீர்ப்பு எழுதியிருப்பார்? கூண்டில் ஒரு சாட்சி அப்படிச் சொன்னால் ஏச்சுத்தான் விழும். சட்டத்தரணி சிரித்தார்: "மழுப்பல் இல்லையப்பா. எங்கே நின்று பார்க்கிறாய் என்பதைச் சொல்லிவிட்டுப் பேசு என்கிறார்கள். உன்ரை ஆள் தேசவழமைக்கு யாழ்ப்பாணத்தார், வாக்காளர் இடாப்புக்குத் திருகோணமலையார். ரெண்டும் சரிதானே?"

---

ஐயா, உங்கடை பதிவை வாசிச்சன். எங்கடை ஊரிலை தமிழர் எண்டால் சைவம் மட்டும்தான் எண்டு நினைக்கிற ஆக்கள் திருகோணமலைக்குக் கிட்ட இருக்கிற வெல்கம் விகாரை எண்ட பௌத்தப் பள்ளிக்கு ஒருக்காப் போகவேணும். சோழர் காலத்திலை அது இராசராசப் பெரும்பள்ளி. தமிழ்ப் பௌத்தர் குடுத்த தானங்கள் தமிழிலைதான் கல்வெட்டாக் கிடக்கு. சமணரும் இலங்கைக்குப் புதுசில்லை. பண்டுகாபய மன்னன் அநுராதபுரத்திலை நிகண்டருக்கு, அதாவது சமணத் துறவியருக்கு, வீடு கட்டினதை மகாவம்சமே சொல்லுது. பிறகு, தான் தோத்து ஓடேக்கை கேலி பண்ணின நிகண்டரின்ரை பள்ளியை வட்டகாமணி மன்னன் இடிச்சு அபயகிரி எண்ட பௌத்த விகாரையைக் கட்டினான்.

அதுசரி, வழக்கு என்ன ஆச்சு?

---

காணி வாங்கினவர் புருசனுக்கும் ஒரு தொகை கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொண்டார், தம்பி. இணக்கத்தில் முடிந்தது. அவர் எந்த ஊரார் என்று நீதிபதி தீர்மானிக்கவே இல்லை.