பாம்புக்குக் காது கேட்குமா, கேட்காதா?

வரப்புக்காரன்:
பாம்பு செவிடு என்றுதான் படித்திருக்கிறேன். அப்படியானால் மகுடிக்கு எப்படி ஆடுகிறது? இன்னொன்று: இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது சத்தம் கொடுத்துக்கொண்டே போகச் சொல்கிறார்கள். அதில் பயன் உண்டா?

செங்கல்பட்டான்:
செவிடேதான். வெளிக்காதும் இல்லை, செவிப்பறையும் இல்லை. மகுடிக்காரரின் கையைப் பாருங்கள். சுரைக்குடுக்கை ஓரிடத்தில் நிற்கவே நிற்காது. இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு, முழங்காலையும் அவ்வப்போது நீட்டி மடக்குவார். படமெடுத்த நாகம் அந்த அசைவின் மேல் கண் வைத்துத் தானும் திரும்புகிறது. தன்னைக் காத்துக்கொள்ளும் நிலை அது. ராகமாவது தாளமாவது!

முல்லைக்கொடி:
மகுடி வரைக்கும் சரி. அதை வைத்துச் செவிடு என்று முடிவு கட்டுவதுதான் பிசகு. பாம்புக்கு உட்காது இருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய எலும்புத்தண்டு தாடை எலும்பை நோக்கிப் போகிறது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தார் 2012இல் ராயல் மலைப்பாம்பின் தலையில் மின்முனை பொருத்தி, ஒலி எழுப்பி, நரம்பு எதிர்வினையை அளந்தார்கள். 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரை நன்றாகவே பதிவானது. ஆண்கள் பேசும் குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் வருகிறது.

செங்கல்பட்டான்:
அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்ல வேண்டாமா? ஒலி மண்டையோட்டை அதிரவைக்கிறது, அந்த அதிர்வைத்தான் பாம்பு உணர்கிறது; காற்றின் அழுத்த மாற்றத்தை நம்மைப் போல் பிடிப்பதில்லை என்பதுதான் அவர்கள் கண்டது. இதற்குப் பெயர் கேட்பது என்றால், லாரி போகும்போது அதிர்கிற ஜன்னல் கண்ணாடிக்கும் காது கேட்கிறது.

முல்லைக்கொடி:
கண்ணாடியிலிருந்து மூளைக்கு நரம்பு போகவில்லை ஐயா. நம் காதிலும் ஏதோ ஒன்று அதிர்ந்துதான் ஒலி உள்ளே போகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வு 2023இல் வெளிவந்தது. 19 பாம்புகளை ஒலி புகாத அறையில் ஒவ்வொன்றாக விட்டு, 450 ஹெர்ட்ஸ் வரை ஒலி எழுப்பிப் பார்த்தார்கள். வோமா மலைப்பாம்பு ஒலி வந்த பக்கம் போனது. தைப்பான் என்ற நச்சுப்பாம்பு விலகிப் போகப் பார்த்தது. எதுவும் கேட்காத பிராணி எதற்கு இடம் மாறுகிறது? அதுவும் இனத்துக்கு ஒரு விதமாக!

செங்கல்பட்டான்:
85 டெசிபல் சத்தம், அதுவும் அடைத்த அறையில். அந்த 19இல் நம் நல்ல பாம்பு ஒன்றுகூட இல்லை. இதை நம்பி வரப்பில் பாட்டுப் பாடிக்கொண்டு போகச் சொல்கிறீர்களா?

வேலிமுள்:
இருவரும் எலும்பை எண்ணிக்கொண்டிருங்கள். வரப்புக்காரரே, கண்ணாடி விரியன் பல நேரம் சத்தத்துக்கும் நகராது, காலடிக்கும் நகராது. வைக்கோல் நிறத்தில் சுருண்டு கிடக்கும். நெருங்கினால் உரக்கச் சீறும், அப்போது நாம் ஓரடி தூரத்தில் நிற்போம். சாரைப்பாம்பு ஓடுவதைப் பார்த்து எல்லாப் பாம்பும் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். டார்ச், கணுக்கால் மூடிய பூட்ஸ், கையில் ஒரு கம்பு. வாயை நம்ப வேண்டாம்.

வரப்புக்காரன்:
கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போகலாமா?

வேலிமுள்:
தட்டுங்கள், விலகுகிற பாம்பு விலகட்டும். ஆனால் டார்ச் வெளிச்சம் கால் வைக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

செங்கல்பட்டான்:
பார்த்தீர்களா, கடைசியில் தரை அதிர்வுக்குத்தானே வந்து நின்றோம்!

முல்லைக்கொடி:
தரை வழியாக வரும் அதிர்வும் அதே உட்காதுக்குத்தான் போய்ச் சேருகிறது. போகட்டும், குயின்ஸ்லாந்துக்காரர்கள் எழுப்பிய மூன்று ஒலிகளில் இரண்டு தரையை அசைக்கவே இல்லை. அவற்றுக்கும் பாம்புகள் அசைந்தன. அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.